ரப்பர் பேண்டு போட்ட கன்ட்ரோலர்

ஆளை நாற்காலியில் உட்கார வைத்து அதற்குக் காசு வாங்கும் தொழில் எனக்குத் தெரிந்து இரண்டுதான்: ஒன்று சலூன், இன்னொன்று வீடியோ கேம் சென்டர், சலூனிலிருந்து எழுந்து போகிறவனாவது வந்ததைவிடக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருப்பான்.

நான் இரண்டாவது ரகம். நாற்பத்தெட்டு வயது. ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீசில் இருபத்து சொச்சம் வருஷம் உட்கார்ந்துவிட்டு ஊருக்கு வந்தவன். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், அத்தா சுக்கு மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் நாலு டி.வி.யும் நாலு கன்சோலும் எட்டு நாற்காலியும் போட்டிருக்கிறேன். சுக்கு வெளியேறி எத்தனையோ காலமாகியும் காரம் சுவரை விட்டுப் போகவில்லை. துப்பாக்கிச் சண்டையில் எதிரியைக் குறிபார்த்துக்கொண்டே வருகிறவன், சரியாகச் சுடுகிற நேரத்தில் தும்மிவிட்டுச் செத்துப்போகிறான்.

உங்களில் யாராவது தலை நரைத்த பிறகும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, மீசை முளைக்காதவர்களிடம் தோற்றுவிட்டு, வீட்டில் "ஒரு வேலையாப் போயிருந்தேன்" என்று சொன்னதுண்டா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே வார்டு.

பெட்டி பிரித்த நாள்

கிடங்கில் பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இன்றைக்கும் மிளகு, சுக்கு, ஏலம் என்று மணக்க மணக்க வியாபாரம் செய்கிறவர். போர்ட் கொச்சியில் வெள்ளைக்காரர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கும் ஒரு பார்ட்டி, இந்தக் கிடங்கைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது. பழைய சுவர், பழைய மரக்கதவு, பழைய வாசனை, எல்லாம் காபிக்கு நல்லதாம். அண்ணன் என்னிடம், "பெருநாள் வரைக்கும் உன் ஆசைக்கு நடத்திப் பாரு. அது கழிஞ்சு ஒரு நாள் நான் வந்து உட்கார்ந்து பார்ப்பேன். சரிப்படலைன்னு தோணுச்சுன்னா காபிக்காரனுக்குச் சாவியைக் கொடுத்துடுவேன்" என்றார். அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அத்தா மவுத்தான பிறகு எங்கள் வீட்டில் மேல்கோர்ட்டு கிடையாது.

கன்சோல்கள் வந்து இறங்கிய அன்று அட்டைப்பெட்டிகளைக் கிழிக்க மனசு வராமல் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜீனத் பாலக்காட்டுக்காரி. கோபம் வந்தால் கத்தமாட்டாள், மரியாதை கூடிவிடும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "கல்ஃப்ல இருந்து வர்றவங்க புள்ளைங்களுக்குத்தான் விளையாட்டுச் சாமான் கொண்டுவருவாங்க. நீங்க உங்களுக்கே கொண்டுவந்துட்டீங்க."

காலி ரோடு

முதல் நிரந்தர வாடிக்கையாளர் ஆட்டோ ஓட்டும் பைஜு சேட்டன். மத்தியானம் சாயா குடிக்கிற இடைவெளியில் வருவார். கார் பந்தயம்தான் வேண்டும் என்பார். நானும் உற்சாகமாக, எந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டியைச் சறுக்கவிட வேண்டும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். முப்பது வருஷ அனுபவம், சும்மாவா. அவர் தலையாட்டிவிட்டு, பந்தயம் தொடங்கியதும் மற்ற கார்களையெல்லாம் போகவிட்டு, ஓரமாக இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனார். சிக்னல் சிவப்பானால் நின்றார். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

பொறுக்காமல் கேட்டேன், "பைஜு சேட்டா, கடைசி இடத்துல வர்றீங்களே, அழுத்துங்களேன்." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு இக்கா? இங்க ஆரும் கை காட்டி நிறுத்தமாட்டாங்க. மீட்டர் போடுன்னு சண்டைக்கு வரமாட்டாங்க. நான் கடைசில வந்தா இவங்களுக்கு என்ன சேதம்?"

வாளுக்கு வைத்தியம்

களமசேரி காலேஜில் விழா. கேம்களில் வரும் ஆட்களைப் போலவே வேஷம் கட்டி மேடையேறும் காஸ்ப்ளே போட்டி. திருப்பூணித்துறையிலிருந்து அஞ்சலி என்றொரு பெண் தன் கூட்டாளிகளோடு காலையில் கடைக்கு வந்தாள். வெள்ளி பெயின்ட் அடித்த கவசம், முதுகில் ஆளுயரத் தெர்மாகோல் வாள். வழியில் பஸ் கதவில் மாட்டி வாள் இரண்டாகிவிட்டதாம். ஒட்டுவதற்கு ஏதாவது இருக்குமா என்று கேட்டு வந்தவளிடம், அவள் போட்டிருக்கும் வேஷத்தின் பூர்வோத்தரத்தை நான் விவரிக்கத் தொடங்கினேன். அந்த வீரன் எந்த ராஜ்ஜியத்துக்காரன், ஏன் சகோதரனைக் கொன்றான் என்பது வரை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், நீங்க சொல்றது நான் பிறக்கிறதுக்கு முன்னாடி வந்த கேம். இவ வேற" என்றாள்.

அந்த அவமானத்தை ஈடுகட்டும் அவசரத்தில், ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த வீரியமான பசை ஒன்றை எடுத்தேன். இரும்பையே ஒட்டும் என்று போட்டிருந்தது. இரும்பை ஒட்டும், சரி. தெர்மாகோலைத் தின்னும் என்று போடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாள் சூடான தோசைக்கல்லில் வெண்ணெய் மாதிரி உள்வாங்கிக்கொண்டே போய்க் கைப்பிடிக்கு மேல் ஒரு சாண் நீளத்தில் நின்றது. என் கை அப்போதும் பசையைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. மிச்சத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் சாக்லேட்டோடு வந்து, இரண்டாம் பரிசு என்றாள். எப்படிம்மா என்றேன். "நடுவருங்க கேட்டாங்க அங்கிள், எங்கே வாள்னு. சண்டை முடிஞ்சு வர்றேன்னு சொன்னேன்."

தோற்றவன் எழுந்திரு

எல்லா கேம் சென்டர்களிலும் உள்ள சட்டம்தான் இது. இருவர் ஆடினால் தோற்றவன் எழுந்து கன்ட்ரோலரை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். நானே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. இரண்டு மொழியிலும் படித்தவன் என்பதற்கு ஊரில் எனக்கு மிஞ்சிய ஒரே ஆதாரம் அந்தச் சுவரொட்டிதான். தோல்விக்கு இரண்டு பாஷையிலும் தோல்வி என்றுதான் பெயர் என்பதை ஒட்டி முடித்த பிறகு கவனித்தேன். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். சட்டம் வந்த நாளிலிருந்து அதில் நான் உட்கார்ந்திருந்த நேரம் சொற்பம்.

என்னை அதிகமாக எழுப்பிவிட்டவன் முருகன். தேனிக்காரன். இரண்டு கடை தள்ளி ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மாவை வீசி வீசி அவன் மணிக்கட்டு பம்பரமாகியிருந்தது. குத்துச்சண்டை ஆட்டத்தில் என் ஆள் கையைத் தூக்குவதற்குள் அவன் ஆள் நாலு குத்து குத்திவிட்டு வேடிக்கை பார்ப்பான். நான் அமுக்கியது ஒன்று, என் ஆள் செய்வது ஒன்று. வயர்லெஸ் கோளாறு, சிக்னல் தாமதம் என்று காரணம் சொல்லி, ஃபுட்பாலாக இருந்தால் பார்த்திருப்பாய், சின்ன வயதில் போர்ட் கொச்சி வெளி மைதானத்தில் அண்ணன் டீமுக்கு நான் கோல்கீப்பரில் இரண்டாமவன், செகண்ட் கோலி என்றேன். செகண்ட் கோலி என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை. என் கன்ட்ரோலரை வாங்கிக் குலுக்கி, அமுக்கி, திருப்பிக் கொடுத்தான். "கன்ட்ரோலர்ல ஒண்ணுமில்ல பாய். பிடிச்சிருக்கிற கையத்தான் சர்வீசுக்கு விடணும்."

அனியன்

தம்பிக்கு மலையாளத்தில் அனியன். எங்கள் கடையில் அது ஒரு கன்ட்ரோலரின் பெயர். விளையாட வரும் பையன்களோடு, "இவனையும் கூட்டிட்டுப் போ" என்று அம்மாக்கள் சின்னதையும் அனுப்பிவிடுவார்கள். சின்னதுக்கு ஆடத் தெரியாது, ஆனால் கன்ட்ரோலர் கொடுக்காவிட்டால் அழும். அதற்காகச் செத்துப்போன ஒரு கன்ட்ரோலரை வைத்திருக்கிறோம். எதோடும் இணையாது. கனம் தெரிய வேண்டும் என்று உள்ளே பழைய பேட்டரி செல் இரண்டு. திரையில் பளிச்சென்று அடிக்கிறதே என்று எல்லாக் கன்ட்ரோலரின் விளக்குமேலும் நான் கறுப்பு டேப் ஒட்டியிருப்பதால், உயிருள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஒன்றுதான். அடையாளத்துக்கு அனியனின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு.

ஒன்பதாம் கிளாஸ் ரிஷாதும் அவன் தம்பி ஷிஃபானும் வாசலோரம் இருக்கும் முதல் டி.வி.யில்தான் உட்காருவார்கள். அதில் ஃபுட்பால் மட்டும்தான் ஓடும், உயிருள்ள கன்ட்ரோலரும் அதற்கு ஒன்றுதான். கம்ப்யூட்டர் டீமை எதிர்த்து ரிஷாத் ஆட, பக்கத்தில் ஷிஃபான் நாக்கைக் கடித்துக்கொண்டு அனியனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவான். ஒரு பிள்ளையை இப்படி ஏமாற்றலாமா என்று எனக்குள் ஒரு விசாரம் உண்டு. ஒருநாள் மூன்று கோலில் ஜெயித்துவிட்டு வெளியே போகும்போது ஷிஃபான் என்னிடம் தனியாக வந்து, தன் அண்ணன் காதில் விழாமல் சொன்னான்: "அங்கிள், இக்கா ஒத்தைக்குக் களிச்சா தோத்துப்போகும். ஞான் இருந்ததுனாலதான் ஜெயிச்சது." ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜும்மா கழிந்து

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு அண்ணன் நேராகக் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, அத்தர், கையில் சாவிக்கொத்து. இந்தக் கிடங்கு போனால் நான் மறுபடி யாருடைய ஆபீசிலாவது போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துத்தானே, உட்கார வைக்கிற தொழிலுக்கு வந்தேன்.

வாடிக்கையாளரை ஜெயிக்க வை, திரும்ப வருவான் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அண்ணன் வாலிபத்தில் நல்ல ஃபுட்பால்காரர், ஆனால் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை. அதனால் என் திட்டம் எளிது. முதல் டி.வி.யில் நானும் அவரும் ஒரே டீம். அவருக்கு ரப்பர் பேண்டு போட்டது, எனக்கு நல்லது. நான் ஆடி ஜெயிப்பேன், அவர் ஜெயித்ததாக நினைப்பார். "இதென்னடா ரப்பர் பேண்டு?" என்றார். "ஸ்பெஷல் அண்ணே, பெரியவங்களுக்கு" என்றேன். பட்டனை அமுக்கி ஆட்டத்தைத் திறந்து வைக்கும் மரியாதையையும் அவருக்கே கொடுத்தேன். கூடவே திருட்டுத்தனமாக நானும் அமுக்கினேன்.

அல்லாஹ்வின் கிருபை, அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம். என் ஆள் இடது ஓரத்தில் பறந்தான். எப்போதும்போல் நான் அமுக்கியது ஒன்றும் அவன் செய்தது ஒன்றுமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று அவன் செய்தது நான் அமுக்கியதைவிட நன்றாக இருந்தது. மூன்று கோல். மூன்றுக்கும் அண்ணன் நாற்காலியை விட்டு அரையடி எழும்பி உட்கார்ந்தார். பாவம், தான் அடித்ததாகவே நம்பிவிட்டார் என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை மடியில் செருகியபடி சொன்னார்: "காபிக்காரன் கொஞ்சம் பொறுக்கட்டும். நாளைக்கும் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

கள்ள ஜெயம்

நாளைக்கு என்றவர் தினமும் வந்தார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு ஆட்டம், ரப்பர் பேண்டு போட்ட ஸ்பெஷலோடு. பஜாரில் மிளகு எடை போடும் இடத்தில்கூடத் தன் ஃப்ரீகிக்கைப் பற்றிப் பேசுகிறாராம். எல்லா டீமையும் நான் அடித்துக் கொடுக்க, பெயர் அவருக்கு. சாவியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் "பார்ப்போம்டா" என்பார். உண்மை தெரிந்தால் அன்றே காபிக்காரன் உள்ளே வந்துவிடுவான் என்ற பயத்திலும், எனக்குள் இப்படியொரு ஆட்டக்காரன் இருந்தானே என்ற பெருமிதத்திலும் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் ரிஷாத் தொடர்ந்து தோற்றான். கன்ட்ரோலர் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே புது செல்லே போட்டுக் கொடுத்தேன், அப்படியும் சொன்னதையே சொன்னான். ஆடத் தெரியாதவன் பேச்சு என்று, முருகன் என்னிடம் சொன்னதை அப்படியே எடுத்து, கையை சர்வீசுக்கு விடுடா என்றேன். ஷிஃபான் மட்டும் வழக்கத்தைவிடக் கம்பீரமாக இருந்தான்.

ஜீனத்திடம் ஒருநாள் மனசு தாளாமல் சொன்னேன், ஒன்றும் தெரியாத மனுஷனை இப்படி ஏமாற்றுகிறேனே என்று. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏங்க, போன மாசம் வரைக்கும் பரோட்டா போடுற பையன்கிட்ட தோத்துட்டு வந்தீங்க. இப்ப திடீர்னு தினமும் ஜெயிக்கிறீங்க. இதுல ஏமாந்துக்கிட்டு இருக்கிறது யாருன்னு நல்லாப் பார்த்துக்கிடுங்க."

செல் தீர்ந்தது

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடை நிறைந்திருந்தது. முருகன், பைஜு சேட்டன், ரிஷாத், ஷிஃபான் எல்லோரும் எங்கள் முதுகுக்குப் பின்னால். இரண்டுக்கு இரண்டு, கடைசி நிமிஷம், அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறார். அதாவது, அவர் போவதாக நினைக்க நான் போகிறேன். திரை உறைந்தது. 'கன்ட்ரோலர் தொடர்பு இல்லை, செல்லை மாற்றவும்' என்று எழுத்து வந்தது. அண்ணன் கையிலிருந்ததைக் குலுக்கினார். "என்னோடதுல செல் தீர்ந்திருக்கும் போல. பரவாயில்லை, நீ உன்னோடதுல ஆடு."

அமுக்கினேன். எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். திரை அசையவில்லை. பின்னாலிருந்து முருகன் உரக்கச் சந்தேகம் கேட்டான்: "ரப்பர் பேண்டு போட்டது அனியனில்ல பாய்? அதுக்கு உயிரே கிடையாதே, செல்லு எப்படித் தீரும்?" அப்புறம் அவனே தலையைச் சொறிந்தான். "அய்யோ பாய், ஒருநா சால்னா கவர் அவுந்துபோச்சுன்னு அந்த ரப்பர் பேண்ட கழட்டிக் கட்டிக்கிட்டேன். மறுநா வேற ஒண்ணு கொண்டாந்து போட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி கிடந்துச்சா, எதுல போட்டேன்னு தெரியல." ரிஷாத் மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தான். சர்வீசுக்கு விட வேண்டிய கையை. ஷிஃபானுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை, இத்தனை நாளும் ஆடியது அவன்தான்.

அண்ணனுக்கு அனியன் என்றால் என்ன, எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் சுற்றினார். "அப்போ அந்தக் கோலெல்லாம் நான் போட்டது" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். "செத்ததை எனக்குக் கொடுக்கத்தான் நெனச்சிருந்தே." அதற்கும் ஆமாம் என்றேன். அவர் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். எனக்குக் காபி மணம் வந்துவிட்டது. கொத்திலிருந்து கிடங்குச் சாவியைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "வெளி மைதானத்துல உன்னை செகண்ட் கோலின்னு சொல்லி, பந்து பொறுக்கறதுக்காகப் போஸ்டுக்குப் பின்னால நிறுத்தியிருந்தேனே, ஞாபகம் இருக்கா? இப்பவும் அங்கேயேதான்டா நிக்கிறே. கடையை நடத்து. ஃபேனுக்குக் கீழே இருக்கிற நாற்காலி மட்டும் எனக்கு."

கடை நடக்கிறது, ரப்பர் பேண்டைச் சரியான கழுத்துக்கு மாற்றிவிட்டேன், ஆனாலும் அனியனை இன்னும் தூக்கி எறியவில்லை, நாற்பத்தெட்டு வயதில் யாராவது வந்து அழுதால் கையில் கொடுக்க ஒன்று வேண்டுமே.